பக்கத்து இருக்கையின் பிரேக்

மாஸ்டருக்குத் தொழில், கார் ஓட்டக் கற்றுக்கொடுப்பது. அதைவிட நன்றாக அவருக்கு வந்தது, ஆளுக்கொரு பட்டப்பெயர் வைப்பது. கிளட்ச்சைத் தடாலென்று விடுகிறவர் 'குதிரை'. வளைவு வந்தால் கண்ணை மூடிக்கொள்ளும் பல் டாக்டரம்மா 'தியானம்'. ஸ்டியரிங்கின் கழுத்தை நெரிக்கிற மாதிரி பிடிக்கும் பேக்கரிக்காரர் 'கொலைகாரன்'. லைசென்ஸ் வாங்கிப் பல வருஷம் ஆன பிறகும் அவர்கள் அந்தப் பெயரைச் சொல்லித்தான் போன் செய்வார்கள். "மாஸ்டர், கொலைகாரன் பேசறேன்" என்ற குரலைக் கேட்டுப் பக்கத்தில் நின்றவர்கள் வெலவெலத்துப் போனதும் உண்டு.

பயிற்சிக் காரில் அவர் உட்காரும் பக்கமும் ஒரு பிரேக் இருந்தது. ஓட்டுகிறவர் தடுமாறினால் அவர் கால் சத்தமில்லாமல் அதை அழுத்தும். வண்டி நின்றதும், "பாத்தியா, நீயே நிறுத்திட்டே!" என்று முதுகில் தட்டுவார். பழகப் பழக, ஒரு நாள் பிரேக்கிலிருந்து தன் காலை எடுத்துவிடுவார். எந்த நாளென்று யாரிடமும் சொல்ல மாட்டார். "சொன்னா அந்த நிமிஷமே கை உதற ஆரம்பிச்சிடும்" என்பார்.

இப்படி ஊரையே செல்லமாக ஏமாற்றுகிற மனிதர், தன்னிடம் மட்டும் எதையும் மறைக்க மாட்டார் என்று மகள் நம்பியிருந்தாள். நம்பியது அவள் தப்பில்லை. அவளிடம் எதையும் மறைக்க முடியாது என்பது அவளுடைய வேலையிடத்தில் எல்லோருக்கும் தெரியும். ஒரு பெரிய ஹோட்டலின் சலவைப் பிரிவுக்கு அவள்தான் மேற்பார்வை. துவைத்து, தேய்த்து, மடித்து வைத்த படுக்கை விரிப்பைத் தூக்கிப் பிடித்து, மூலையில் இருக்கும் மங்கலைக் காட்டி, "இது காபி இல்லை, இருமல் மருந்து. இன்னொரு தடவை போடு" என்பாள். அங்கே அவளுக்குப் பெயர் 'லென்ஸ்'. அப்பா வைத்த பெயர் இல்லை. ஆனாலும் கேள்விப்பட்டதும் அவர் விழுந்து விழுந்து சிரித்தார்.

அப்பா வைத்த பெயர் 'டீச்சர்'. அம்மா போன பிறகு அவர் மகள் வீட்டோடு வந்துவிட்டார். மருமகன் கப்பலில் சமையல்காரர். வீட்டுக்கு விருந்தாளி மாதிரி வருவார், போவார். ஆக, வீட்டில் மூன்று பேர்: மகள், மாஸ்டர், கல்லூரியில் படிக்கும் பேத்தி. மகள் திட்டுவாள். மாஸ்டர் கைகட்டி நின்று, "சரி டீச்சர்" என்பார். அந்த ஒரு சொல்லோடு சண்டை முடிந்துவிடும்.

கடைசி வருஷம் திட்டு கொஞ்சம் அதிகமாகத்தான் போயிற்று. மாஸ்டர் இருமினார், இளைத்தார், எதற்கெடுத்தாலும் உட்கார இடம் தேடினார். எல்லாவற்றையும் உடம்பு வணங்காத சோம்பேறித்தனம் என்று மகள் தீர்மானித்துவிட்டாள். "லிப்ட்ல ஏறுனா காலு துருப்பிடிச்சுடும். படியில ஏறுங்கப்பா." உப்பைக் குறைத்தாள். இனிப்பு டப்பாவை அலமாரியின் உச்சியில் ஏற்றினாள். ஞாயிறு மதியம் மட்டும் தாத்தாவும் பேத்தியும் பழைய பயிற்சிக் காரை எடுத்துக்கொண்டு போக அனுமதி உண்டு. பேத்தி லைசென்ஸ் தேர்வில் இரண்டு முறை கோட்டை விட்டிருந்தாள். "மாஸ்டர் பேத்தின்னு வெளியில சொல்லிடாதே, மானம் போயிடும்" என்று மகள் வாசல் வரை வந்து அனுப்பி வைப்பாள். "பயப்படாம ஓட்டு. தாத்தா கால் பிரேக்ல இருக்கு."

அவர் போன அன்று காலையிலும் சண்டைதான். தட்டில் பாதியை மிச்சம் வைத்துவிட்டு எழுந்தார். "இதுக்குத்தான் விடியக்காலையில எந்திரிச்சு சமைக்கிறேனா? நாளையிலேருந்து நீங்களே சமைச்சுக்கங்க!" என்று சொல்லிவிட்டுச் செருப்பை மாட்டினாள். பின்னாலிருந்து "சரி டீச்சர்" என்று கேட்டது. மதியம், ஜன்னலோர நாற்காலியிலேயே முடிந்துவிட்டது.

துக்கம் கேட்க வந்த கூட்டத்தில் குதிரை, தியானம் எல்லோரும் இருந்தார்கள். பேக்கரிக்காரர் மகளின் கையைப் பிடித்துக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார்.

"போன மாசம் வீட்டுக்கே வந்து சொல்லிட்டுப் போனாரும்மா. 'கொலைகாரா, டாக்டர் கைவிரிச்சுட்டார், நான் கிளம்பறேன்'னு சிரிச்சுக்கிட்டே சொன்னார். உங்க பொண்ணுதான் கூட்டிட்டு வந்துச்சு. என்னமா ஓட்டுது!"

டீத் தட்டோடு வந்த பேத்தி அப்படியே நின்றாள். மகள் அவள் முகத்தைப் பார்த்தாள். இவளுக்கும் எல்லாம் தெரியும் என்று அந்த முகமே சொன்னது.

பிறகு ஒவ்வொன்றாகக் கழன்றது. நுரையீரலில் வந்தது புற்றுநோய். வைத்தியம் வேண்டாம் என்று சொன்னவர் மாஸ்டர். பல் டாக்டரம்மாவுக்குத் தெரியும். இரண்டாம் மாடிக்காரருக்குத் தெரியும். படி திருப்பத்தில் அவர் ஒரு நாற்காலி போட்டதும், மாஸ்டரை உட்கார வைத்து மணிக்கணக்கில் கதை பேசியதும் அதற்காகத்தான். மகள் அந்த மனிதரை வெட்டிப்பேச்சுக்காரர் என்று ஏசியிருந்தாள். கப்பலுக்குப் போன் போட்டாள். எதிர்முனையில் கணவர் எச்சில் விழுங்கும் சத்தம் கேட்டது.

"நடுக்கடல்ல இருக்கிற உங்களுக்குத் தெரியும். பக்கத்து ரூம்ல படுத்திருந்தவளுக்குத் தெரியாது. இல்லையா?" என்று கேட்டுவிட்டு வைத்தாள்.

எல்லாவற்றையும்விட அவளைக் குத்தியது கைக்குட்டை. மாஸ்டர் வாழ்நாள் முழுக்க வெள்ளைக் கைக்குட்டைதான் வைத்திருந்தார். ஆறேழு மாதம் முன்னால் திடீரென்று, "கறுப்புல வாங்கிக் குடேன், இப்ப அதுதான் பேஷனாம்" என்றார். "வயசானாலும் ஆசையைப் பாரு" என்று கேலி செய்து, அவளே கடை கடையாக ஏறி, நல்ல கறுப்பாகப் பார்த்து ஒரு கட்டு வாங்கிக் கொடுத்தாள். ரத்தம் தெரியாமல் இருக்கத்தான் அது. ஊரான் வீட்டுக் கறையை எல்லாம் கண்டுபிடிக்கிறவள் கண்ணில் மண்ணைத் தூவ, அவள் கையாலேயே துணி வாங்க வைத்திருக்கிறார் மனிதர். அதையும் அவள் கைக்கு வராமல் பேத்தியே கல்லூரிப் பக்கம் கொண்டுபோய்த் துவைத்திருக்கிறாள்.

வந்தவர்கள் எல்லோரும் போன பிறகு, ஒரு ஞாயிற்றுக்கிழமை மதியம் மகள் கார் சாவியை எடுத்துப் பேத்தியின் மடியில் போட்டாள்.

"எங்கெல்லாம் கூட்டிட்டுப் போனே? எனக்கும் காட்டு."

அப்பா உட்காரும் இருக்கையில் அவள் உட்கார்ந்தாள். பேத்தி வண்டியை எடுத்த அழகைப் பார்த்ததும் வயிறு எரிந்தது.

"தேர்வுல எப்ப பாஸானே?"

"முதல் தடவையே."

"அப்ப ரெண்டு தடவை பெயிலாச்சுன்னு அழுதது?"

"தாத்தா சொல்லிக் குடுத்தார். பாஸானது தெரிஞ்சா ஞாயித்துக்கிழமை வெளியில விட மாட்டேன்னு."

ஆஸ்பத்திரியைக் காட்டினாள். இனிப்புக் கடையைக் காட்டினாள். அங்கே நிறுத்தி வாரா வாரம் வாங்கித் தின்றாராம். குதிரையின் வீடு, தியானத்தின் கிளினிக், பேக்கரி. விடைபெற ஊரெல்லாம் போயிருக்கிறார். சொந்த வீட்டுச் சமையலறைக்கு வர மட்டும் அவருக்கு வழி தெரியவில்லை.

"என்கிட்ட மட்டும் ஏன் சொல்லல? நான் என்ன பண்ணியிருப்பேன்னு நினைச்சீங்க?"

பேத்தி சாலையையே பார்த்தபடி சொன்னாள். "நானும் கேட்டேம்மா. 'எல்லாரும் என்னை இப்பவே பாவமாப் பாக்கறாங்க. உங்கம்மா ஒருத்திதான் நாளைக்கும் நான் இருப்பேன்னு நம்பித் திட்டறா. அவகிட்ட சொன்னா திட்டறதை நிறுத்திடுவா. அன்னிக்கே நான் செத்த மாதிரி'ன்னார்."

அழுகை வரும் என்றுதான் மகள் நினைத்தாள். வந்தது கோபம்.

"அவருக்கென்ன, ஆசைப்பட்டதை வாங்கிக்கிட்டுப் போயிட்டார். சாகப்போற மனுஷனைப் படியேற வெச்சவ நான். உப்பில்லாமப் போட்டவ நான். சமைக்க மாட்டேன்னு சொல்லிட்டுப் போனவ நான். அதை நான் எங்க கொண்டுபோய் வைக்கிறது? என்னை யாராவது நினைச்சீங்களா? நிறுத்து வண்டியை!"

சொன்ன வேகத்தில் அவளே காலால் அப்பாவின் பிரேக்கை ஓங்கி மிதித்தாள். அது எதிர்ப்பே இல்லாமல் தரை வரை போயிற்று. வண்டி அது பாட்டுக்கு ஓடிக்கொண்டிருந்தது. பேத்திதான் மெதுவாக ஓரம் கட்டினாள்.

"அது வேலை செய்யாதும்மா. நான் லைசென்ஸ் வாங்கின அன்னிக்கே தாத்தா மெக்கானிக்கை வெச்சு அதோட இணைப்பைக் கழட்டிட்டார். 'என் காலுக்கு இனிமே பலமில்லை, நீ இதை நம்பி ஓட்டக் கூடாது'ன்னார்."

மகள் அந்தப் பெடலையே பார்த்தாள். வாரா வாரம் வாசலில் நின்று, அந்தக் காலை நம்பித்தானே பெற்ற பெண்ணை அனுப்பி வைத்தாள்.

"மெக்கானிக்குக்கும் தெரியுமா?"

பேத்தி தலையாட்டினாள்.

அவ்வளவுதான். மகள் முன்கண்ணாடியைப் பார்த்துத் திட்ட ஆரம்பித்தாள். "ஏம்ப்பா, உங்களுக்கு அறிவிருக்கா? வயசுப் பொண்ணு கையில வண்டியைக் குடுத்துட்டு, பிரேக்கையும் கழட்டிட்டு, பக்கத்துல உக்காந்து இனிப்பைத் தின்னுக்கிட்டு..." கைக்குட்டைக்குத் திட்டினாள். நாற்காலிக்குத் திட்டினாள். மிச்சம் வைத்த சாப்பாட்டுக்குத் திட்டினாள். தெருவில் போகிறவர்கள் திரும்பிப் பார்த்தார்கள். மூச்சு முட்டியபோதுதான் நிறுத்தினாள்.

நிறுத்திவிட்டு, பழக்கதோஷத்தில், காத்திருந்தாள்.

அந்த அமைதியைத் தாங்க முடியாமல் பேத்தி வாயைத் திறந்தாள். "சரி டீ..."

"நீ சொல்லாதே" என்றாள் மகள். "அதை அவர் சொல்லணும்."