புவாண்ட்-கிளேருக்கு ஒரு பேஸ்போல் அட்டையுடன்

என் கணவரின் கல்லறைக்கு இன்னும் கல் வைக்கவில்லை. அதற்காகத்தான் மே மாத இரண்டாம் சனிக்கிழமை மொன்ட்ரியால் நகரின் வடக்கே நான் இருக்கும் மொன்ட்ரியால்-நோரிலிருந்து மேற்கே புவாண்ட்-கிளேருக்குப் போனேன். அங்கே ஒரு ஹோட்டல் மண்டபத்தில், ஆட்டக்காரர்களின் படம் அச்சிட்ட பழைய விளையாட்டு அட்டைகளின் சந்தை. அப்படிப்பட்ட அட்டைகள் உங்கள் வீட்டு அலுமாரியிலும் இருக்கலாம். இருந்தால் இதை முழுவதும் வாசியுங்கள்.

என் கணவர் புவாண்ட்-கிளேரில் ஒரு கிடங்கில் இருபத்திரண்டு ஆண்டுகள் வேலை செய்தவர். கூட வேலை செய்தவர்களிடமிருந்து பேஸ்போலும் அட்டை சேர்க்கும் பழக்கமும் தொற்றிக்கொண்டன. நான் குப்பை என்றுதான் சொல்வேன். அவற்றில் ஒன்றை மட்டும் அவர் தனியாக வைத்திருந்தார். சூயிங்கம் பைக்கற்றோடு வந்த, அறுபது வருடத்துக்கு மேற்பட்ட அட்டை. புகழ்பெற்ற ஓர் ஆட்டக்காரருடைய முதல் வருட அட்டை. சேகரிப்பவர்கள் ஓடித் தேடுவது அந்த முதல் வருடத்தைத்தான். ஆட்டக்காரரின் பெயர் இனி யாருக்கும் உதவாது, விட்டுவிடுகிறேன்.

ஆஸ்பத்திரியில் கடைசி வாரம் அவர் சொன்னார்: "என்ர கல்லுக்கு ஆரிட்டையும் கை நீட்டாதையும். அந்த ஒரு கார்டை வித்தாலே காணும். பத்திரமா வையும்."

பத்திரம் என்றால் எனக்கு ஒரே ஒரு வழிதான் தெரியும். போரில் ஊரைவிட்டு ஓடியபோது எங்கள் பத்திரங்கள் எல்லாம் ஒரு துணிப்பையில் இருந்தன. மழை பெய்தது. என் ஞானஸ்நானச் சான்றிதழ் நீலத் தண்ணீராகிப் போனது. நான் நான்தான் என்று இந்த நாட்டுக்கு நிரூபிக்க இரண்டு வருடம் பிடித்தது. அதன் பிறகு வீட்டில் லமினேட் செய்யும் மிஷின் ஒன்று வாங்கி வைத்தேன். பிறப்புச் சான்றிதழ், விவாகச் சான்றிதழ், மாதாவின் படம் எல்லாமே அதற்குள் போய் வந்தவைதான். அவர் இறந்த ஒன்பதாம் நாள் அந்த அட்டையை ஈரத்துணியால் துடைத்து, இருப்பதில் தடித்த பிளாஸ்டிக்கில் வைத்துச் சூடேற்றினேன். ஒரு குமிழ்கூட இல்லை.

அட்டையைக் கொண்டு பஸ்ஸில் ஏற மனம் வரவில்லை. எங்கள் தேவாலயப் பங்கைச் சேர்ந்த ஜெராட்டின் டாக்ஸியில் காலை 8.40க்குப் புறப்பட்டேன். முப்பத்தொரு கிலோமீற்றர், நாற்பது நிமிடம், 72 டொலர். எதற்குப் போகிறேன் என்று சொன்னதும் அவர் கண்ணாடியில் என்னைப் பார்த்தார்.

"இந்த மட்டைத் துண்டுக்கோ அன்ரி அவ்வளவு காசு? வித்தால் எனக்கும் ஒரு புதுக் கார் வாங்கித் தாங்கோ."

"நீர் முதல்ல றோட்டைப் பாரும்."

"அங்கிள் எங்களுக்குச் சொல்லவே இல்லை. சரியான கள்ளன்!"

நானும் சிரித்தேன். அன்று சிரித்தது அது ஒன்றுதான்.

நுழைவு ஐந்து டொலர், காசாகத்தான் வாங்குகிறார்கள். மண்டபத்தில் ஐம்பது, அறுபது மேசைகள். இளைப்பாற ஒரு கதிரை கிடையாது. ஜெராட் வேடிக்கை பார்க்க என்னுடன் உள்ளே வந்தார். பழைய அட்டைகள் மட்டும் வைத்திருந்த ஒரு நரைத்த வியாபாரியிடம் போனேன். "பொன்ஜூர், மடாம்" என்றவர் என் ஆங்கிலத்தைக் கேட்டு ஆங்கிலத்துக்கு மாறினார். அட்டையை உறையிலிருந்து எடுத்து அவர் முன் வைத்தேன்.

அவர் பூதக்கண்ணாடியைக் கையில் எடுத்தார். பிறகு பார்க்காமலே கீழே வைத்தார். அவர் வியந்து நிற்கிறார் என்று நினைத்தேன்.

"இதைச் செய்தது யார், மடாம்?"

"நான்தான்."

"அட்டை அசல். மூலைகள்கூட நன்றாக இருந்திருக்கின்றன." குரலைத் தாழ்த்தினார். "பசை சூட்டில் உருகி மட்டையோடு ஒட்டிவிட்டது. பிரித்தால் படமும் கூடவே வரும். இப்படி ஆனதை யாரும் வாங்க மாட்டார்கள்."

"செய்யாமல் கொண்டுவந்திருந்தால்?"

சொல்ல அவர் தயங்கினார். சொல்லத்தான் வேண்டும் என்றேன்.

"ஒன்பதாயிரம். கொஞ்சம் கூடவும் போயிருக்கும்."

கல்லுக்கு நான் கேட்டு வைத்திருந்த விலை 4,200 டொலர்.

மேசையில் காட்சிக்கு வைக்க இருபது டொலர் தருவதாகச் சொன்னார். வேண்டாம் என்றேன். திருப்பித் தரும்போது, "எங்களை எல்லாம்விட இது நீண்ட நாள் இருக்கும், மடாம்" என்றார். கேலியாகச் சொல்லவில்லை.

வெளியே வந்ததும் ஜெராட், "அன்ரி, ஃபாதரிட்ட ஒரு சொல் சொன்னால் ஞாயிறு பூசையில கல்லுக்குக் காசு சேர்த்துப்போடலாம். நான் கதைக்கிறன்" என்றார்.

"கதையாதையும்."

"ஏறுங்கோ, காசு வேண்டாம். வீட்டை கொண்டுபோய் விடுறன்."

"நான் பஸ்ஸில போறன். இனி நனையிறதுக்கு என்னட்ட ஒண்டும் இல்லை."

பஸ்ஸில் கோட்-வெர்ட்டு நிலையம், அங்கிருந்து மெட்ரோவில் ஆன்றி-பூராஸா, மறுபடி பஸ். இரண்டு மணி பத்து நிமிடம். அறுபத்தைந்து தாண்டிய மொன்ட்ரியால்வாசிகளுக்குக் கட்டணம் இல்லை. படம் போட்ட பயண அட்டை அவசியம்.

போகிறவர்களுக்கு: சந்தை ஒன்பதுக்குத் திறக்கிறது, பத்துக்கு முன் போனால் வியாபாரிகள் பொறுமையாகப் பேசுவார்கள். அட்டையைத் துடைக்காதீர்கள், ஓரம் வெட்டாதீர்கள், ஒட்டாதீர்கள், பின்பக்கம் பெயர் எழுதாதீர்கள். அழுக்கானால் அழுக்காகவே கொண்டுபோங்கள். சேர்த்தவர் உயிரோடு இருக்கும்போதே, பத்திரமாக வை என்றால் எப்படி வைப்பது என்று கேளுங்கள். நான் கேட்கவில்லை. எனக்குத் தெரியும் என்று நினைத்தேன். நான் படித்த கன்னியர் மடத்தில் எல்லாம் சொல்லித் தந்தார்கள், தெரியாது என்று சொல்வதைத் தவிர.

அடுத்த நாள் பூசைக்குப் பிறகு கல்லறைக்குப் போனேன். தலைமாட்டில் தற்காலிக மரச்சிலுவைதான் நிற்கிறது. அட்டையைச் சுற்றி நான் அளந்து விட்டிருந்த பிளாஸ்டிக் ஓரத்தில் நான்கு துளையிட்டு, கம்பியால் சிலுவையில் கட்டினேன்.

மூன்று வாரமாக மழை. நேற்றுப் போய்ப் பார்த்தேன். யாரும் எடுக்கவில்லை, எடுக்க அதில் ஒன்றுமில்லை. ஒரு துளி தண்ணீரும் உள்ளே போகவில்லை.