தங்கையின் வரனுக்குப் போன வைரஸ்

எங்கள் வீட்டுக் கணினியில் ஏதோ புகுந்துவிட்டது என்பதை நான் கண்டுபிடித்தது அறிவால் அல்ல, பயத்தால். கைக்குழந்தை தூங்கினால் மூச்சு வருகிறதா என்று மூக்கடியில் விரல் வைத்துப் பார்க்கிறவள் நான். அந்த மதியமும் அப்படிப் பார்த்துவிட்டுத் திரும்பியபோது மோடம் கண்ணில் பட்டது. கணினி முன்னால் யாரும் இல்லை. திரையில் எதுவும் திறந்திருக்கவில்லை. ஆனால் பச்சை விளக்கு, பழங்காநத்தம் ரவுண்டானாவில் மாட்டிக்கொண்ட ஆட்டோ ஹாரன் அடிப்பதுபோல விடாமல் துடித்தது.

கணவரைக் கூப்பிட்டுக் காட்டினேன். "அது பாட்டுக்கு எரியட்டும். நீ அதுக்கும் மூச்சு இருக்கான்னு பாக்காத" என்றார்.

அப்போதுதான் தங்கை போன் செய்தாள். "யக்கா, அவருக்கு நீ என்னத்த அனுப்புன?"

அவர் என்பது அவளைப் பெண் பார்த்துவிட்டுப் போயிருந்த பையன். பெங்களூரில் மென்பொருள் வேலை, செல்லூரில் பெற்றோருக்கு விசைத்தறி. இரு வீட்டாரும் பூ வைக்க நாள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அதற்குள் பையனும் பெண்ணும் மெசஞ்சரில் பேசலாம் என்று எங்கள் அப்பா அனுமதி கொடுத்திருந்தார். ஆனால் கல்யாணமாகாத பெண்ணுக்கு எதற்குத் தனி ஐடி? என் ஐடியில், என் வீட்டில், நான் பக்கத்தில் உட்கார்ந்திருக்கப் பேசட்டும் என்று முடிவானது. ஞாயிற்றுக்கிழமைகளில் மடியில் பிள்ளையோடு நான் காவல் இருந்தேன். அவர்கள் மதுரை வெயிலையும் பெங்களூர் குளிரையும் தவிர எதையும் பேசி நான் பார்த்ததில்லை.

அந்த மரியாதையான ஐடியிலிருந்து அவருக்கு ஆங்கிலத்தில் ஒரு செய்தி போயிருந்தது. நேற்று எடுத்த என் படம், நீங்கள் மட்டும் பாருங்கள் என்று. கீழே ஒரு இணைப்பு. பக்கத்தில் கண்ணடிக்கும் மஞ்சள் மூஞ்சி. அவருக்கு மட்டுமல்ல, என் பட்டியலில் இருந்த அத்தனை பேருக்கும், கல்லூரிப் பேராசிரியை உட்பட.

பையன் நல்ல பிள்ளை. உடனே அம்மாவிடம் சொல்லிவிட்டார். அந்த அம்மா எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டு, மூத்தவளே இப்படி என்றால் சின்னவள் எப்படியோ, பூ வைப்பதை இப்போதைக்கு நிறுத்தி வைப்போம் என்று சொல்லியிருந்தார்கள்.

"எனக்கு அவரப் பிடிச்சிருக்குக்கா" என்றாள் தங்கை. வெயிலைப் பற்றிப் பேசியே பிடித்துப்போயிருக்கிறது.

முதலில் மோடத்தின் ஒயரைப் பிடுங்கினேன். வைரஸ் பற்றிய கேள்விக்கு ஒரு காலத்தில் பரீட்சையில் பதில் எழுதி மதிப்பெண் வாங்கியவள் நான்; அதிலிருந்து இப்போது ஞாபகம் வந்தது அவ்வளவுதான். பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு பிரவுசிங் சென்டருக்குப் போய்ப் படித்தேன். இது வெறும் மெசஞ்சர் குறும்பு இல்லை. முகம் தெரியாத எவனோ எங்கிருந்தோ ஏவுகிறான். எங்கள் கணினியும் அதைப் போன்ற ஆயிரக்கணக்கானவையும் அவன் சொன்ன இடத்துக்கெல்லாம் குப்பை அனுப்புகின்றன. எங்கள் கரண்டில் அவனுக்கு அடியாள் வேலை. செய்தி வந்தாலே ஒட்டிக்கொள்ளாது, இணைப்பைத் திறந்து அது கொடுக்கும் கோப்பை ஓடவிட்டால்தான் ஒட்டும் என்றும் போட்டிருந்தது.

அங்கேயே கடவுச்சொல்லை மாற்றினேன். சென்டர் கணினியில் இதைவிடப் பெரிய பூதம் இருந்தால் என்ன செய்வது என்று வாசலில் நின்று யோசித்து, வீட்டுக் கணினி சுத்தமானதும் அதை மறுபடியும் மாற்றுவதென்று முடிவு செய்தேன். நீக்கும் மென்பொருளை சிடியில் எழுதி வாங்கிக்கொண்டேன்.

வீட்டுக்கு வந்து கணவரிடம் கேட்டேன். "நீங்க எதையாச்சும் தெறந்தீங்களா?"

"நான் அந்த மாதிரி எதையும் தொடுறதே இல்ல" என்றவர், மாடியில் தண்ணீர்த் தொட்டி நிரம்பிவிட்டதா பார்க்கப் போனார். அன்று எங்கள் தெருவில் தண்ணீரே வரவில்லை.

சேஃப் மோடில் போட்டு ஸ்கேன் ஓடவிட்டேன். விண்டோஸ் கோப்புறைக்குள் நல்ல குடும்பத்துப் பிள்ளைபோலப் பெயர் வைத்துக்கொண்டு ஒன்று உட்கார்ந்திருந்தது. அழித்தேன். நம்பிக்கையில்லாமல் மறுபடி ஓடவிட்டு, அது ஓடுகிற நேரத்தில் செல்லூருக்குப் போன் போட்டேன். அம்மா வீட்டிலிருந்து தங்கையும் வந்து பக்கத்தில் நின்றாள்.

"அத்தை, அது நான் அனுப்பல. வைரஸ். கம்ப்யூட்டர் தானா அனுப்பிருச்சு" என்று தறிச் சத்தத்துக்கு மேல் கத்தினேன்.

"தானா அனுப்புமாக்கும். எங்க தறி ஆளில்லாம தானா நெய்ஞ்சா நான் ஏம்மா இம்புட்டுப் பேருக்குக் கூலி கொடுக்கிறேன்?"

"இல்ல அத்தை, இது நெசமாவே..."

"என் மகன் இந்த வேலையிலயே இருக்கான். அதான் பாத்ததும் தெறக்காமயே அழிச்சுட்டான். அப்படி வளத்திருக்கேன்." போனை வைத்துவிட்டார்கள்.

இரண்டாவது ஸ்கேனில் எதுவும் அகப்படவில்லை. பயந்துகொண்டே ஒயரை மாட்டினேன். பச்சை விளக்கு எப்போதாவது மட்டும் சிமிட்டியது. கடவுச்சொல்லை மாற்றி மெசஞ்சருக்குள் போனேன். காத்திருந்த செய்திகள் வந்து விழுந்தன. அதில் ஒன்று பெங்களூரிலிருந்து. நேற்று எடுத்த என் படம், நீங்கள் மட்டும் பாருங்கள். கண்ணடிக்கும் மஞ்சள் மூஞ்சி.

தங்கை இரண்டு தடவை படித்தாள். "தெறந்தாத்தான ஒட்டும்னு சொன்ன?"

"ஆமா."

"அப்ப தெறந்திருக்காரு." அவள் சிரித்த சிரிப்பில் தொட்டிலில் பிள்ளை எழுந்துவிட்டது. பிறகு, எந்தக் காவலும் இல்லாமல் அவளே அவருக்குப் போன் போட்டாள். "ஏங்க, மொதல்ல ஒயரப் பிடுங்குங்க. அப்புறம் அக்கா சொல்றத எழுதிக்கோங்க."

எதிர்முனையில் ஒரு சின்னக் குரல் கேட்டது. "அம்மாகிட்டச் சொல்லிட்டீங்களா?"

"நீங்க சொல்றீங்களா, நாங்க சொல்லவா?"

சாயங்காலமே செல்லூரிலிருந்து போன் வந்தது. இந்த வைரஸ் யார் வீட்டுக்கும் வருமாம், எம்புட்டு நல்ல குடும்பமாக இருந்தாலும் வருமாம், மகன் விளக்கிச் சொன்னானாம். அடுத்த முகூர்த்தத்தில் பூ வைத்தார்கள்.

தங்கை வீட்டுக்காரர் இன்றும் என்னை மதினி என்று கூப்பிட்டு, தரையைப் பார்த்துக்கொண்டுதான் பேசுவார். அடக்கமான மாப்பிள்ளை என்று அம்மாவுக்குப் பெருமை. எனக்கு மட்டும் ஒரு கேள்வி போகமாட்டேன் என்கிறது. ஐடி என்னுடையது. அன்றைக்கு அவர் யார் படத்தை எதிர்பார்த்துத் திறந்தார்? தங்கையிடம் கேட்கலாமா என்று ஒவ்வொரு தீபாவளிக்கும் நினைப்பேன். அவள் இதுவரை அதை யோசித்திருக்காவிட்டால் நானே கிளப்பிவிட்டதாகிவிடுமே என்று இன்னொரு அதிரசத்தை எடுத்து அவர் இலையில் வைத்துவிட்டு வந்துவிடுவேன்.