கண்ணாடி அலமாரிக்குள் பூட்டிய அட்டை

எங்கள் ஆட்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. நல்ல பொருள் எது வாங்கினாலும் பயன்படுத்த மாட்டார்கள். புதுச் சோபாவின் பிளாஸ்டிக் உறையைச் சோபா கிழியும்வரை பிரிக்க மாட்டார்கள். பூப்போட்ட பீங்கான் கோப்பைகள் கண்ணாடி அலமாரிக்குள் விருந்தாளிக்காகக் காத்துக் கிடக்கும். வீட்டுக்காரர்கள் காது உடைந்த கோப்பையில் கோப்பி குடிப்பார்கள். என் அம்மா வீட்டிலும் அப்படித்தான், என் வீட்டிலும் அப்படித்தான். இதையெல்லாம் நான் சிரித்துக்கொண்டே சொல்லி வந்தவள். இப்போது சிரிப்பு வருவதில்லை. ஒரு சிறுமியின் வாயையே அப்படி அலமாரிக்குள் வைத்துப் பூட்டியதைப் பார்த்துவிட்டேன்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆட்டிசம் உள்ள பிள்ளை வகுப்பில் கத்தினால், கையைக் கடித்துக்கொண்டால், மேசைக்கடியில் போய் ஒளிந்துகொண்டால் என்ன செய்ய வேண்டும் என்று ஆசிரியர்களுக்குக் காட்டிக்கொடுத்து, அந்தப் பிள்ளைக்கென்று ஒரு திட்டம் போட்டுத் தருவது என் வேலை. குருணிலிருந்து செர்டாங் வரை, தொழிற்சாலைக்குப் பின்னால் ஒன்று, செம்பனைத் தோட்டத்துக்கு நடுவே ஒன்று என்று இருக்கிற தமிழ்ப்பள்ளிகளுக்கு என் பழைய காரில் போய் வருகிறேன். இது எந்தப் பள்ளியில் நடந்தது என்று சொல்லப் போவதில்லை. சொன்னால் மற்ற பள்ளிகள் எல்லாம் ‘நல்ல வேளை, நாம இல்ல’ என்று நிம்மதியாக மூச்சு விடும். அந்த நிம்மதியை யாருக்கும் கொடுக்க எனக்கு மனமில்லை.

அவள் இரண்டாம் வகுப்பு. பெற்றோர் லூனாஸில் மளிகைக்கடை வைத்திருப்பவர்கள். பேச்சு அதிகம் வராது. வருகிற சொற்கள் அம்மா, தண்ணி, வேணாம், கடை. இவ்வளவுதான், எல்லாம் தமிழ். சத்தம்தான் அவளுக்கு எமன். பிள்ளைகள் சேர்ந்து வாய்ப்பாடு ஒப்பித்தால் முதலில் காதைப் பொத்துவாள், பிறகு மணிக்கட்டைக் கடிப்பாள், பிறகு ஓடுவாள். ஓடினால் நேரே வாசல் கதவு, அதைத் தாண்டினால் செம்பனைக் குலை ஏற்றிக்கொண்டு லோரிகள் பறக்கும் சாலை.

தலைமையாசிரியர் என்னை முதல் நாள் பார்த்ததும் சொன்னார்: “அடங்காத புள்ள மேடம். கூலிம்ல மலாய்ப் பள்ளியில சிறப்பு வகுப்பு இருக்கு. அங்க போட்டா எல்லாருக்கும் செனாங் லா.” செனாங் என்றால் சுலபம். எல்லாருக்கும் என்றால் அவருக்கு.

பிள்ளையின் அம்மா சம்மதிக்கவில்லை. “இருக்கிறதே நாலு வார்த்தை மேடம். அங்க போனா அதுவும் போயிரும். இங்கயே படிக்கட்டும்,” என்றார். எனக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. சத்தத்தைத் தாங்க முடியாத பிள்ளையைப் புரியாத மொழிச் சத்தத்துக்கு நடுவே கொண்டுபோய் உட்கார வைப்பதற்குப் பெயர் உதவி என்றால், நான் இந்த வேலையை விட்டுவிட்டுப் பசார் மாலாமில், அந்த இரவுச் சந்தையில், பலகாரம் விற்கப் போகலாம்.

வகுப்பாசிரியை இளம் பெண். அதிகம் பேசாதவர், ஆனால் சொன்னதைச் செய்பவர். பள்ளிக்குப் பின்புறம் ரம்புத்தான் மரத்தடியில் ஒரு பலகை இருக்கிறது. அந்தப் பலகையில் சிறுமியை உட்கார வைத்துப் படம் எடுத்தோம். அதை மஞ்சள் அட்டையில் ஒட்டி, பிளாஸ்டிக் உறை போட்டு, அவள் மேசையில் கைக்கு எட்டும் இடத்தில் ஒட்டி வைத்தோம். சத்தம் தாங்கவில்லையா? அட்டையைப் பிய்த்து எடுத்து, பக்கத்தில் எந்தப் பெரியவர் இருந்தாலும் அவர் கையில் கொடுக்க வேண்டும். வாங்கியவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. ‘இப்பத்தானே போன’ என்று கேட்கக் கூடாது. எழுந்து, அவளை மரத்தடிக்கு அழைத்துப்போய் ஐந்து நிமிடம் உட்கார வைத்துத் திரும்பக் கூட்டி வர வேண்டும். இதற்கு மேல் அதில் எந்த வித்தையும் இல்லை.

கற்றுக்கொடுப்பது லேசாக இல்லை. கையைப் பிடித்து எடுக்க வைத்து, கையைப் பிடித்துக் கொடுக்க வைத்து, பள்ளித் தவணையில் பாதி அதிலேயே போயிற்று. ஒருநாள் அவளே எடுத்துக் கொடுத்தாள். வகுப்பாசிரியை எனக்குப் போன் போட்டு அழுதார். அதன் பிறகு சிற்றுண்டிச்சாலை அக்காவிடம் கொடுத்தாள், தோட்டக்காரரிடம் கொடுத்தாள், அவரும் மண்வெட்டியைப் போட்டுவிட்டு வாய் பேசாமல் கூட்டிப் போனார். அட்டையின் ஒரு மூலை அவள் கடித்துக் கடித்து நைந்துபோயிருந்தது. அவள் வாசலைத் தாண்டி ஓடுவது அடியோடு நின்றது.

இங்கேயே கதை முடிந்திருக்க வேண்டும். ஆனால் கல்வி இலாகாவிலிருந்து பள்ளிக்கு ஒரு வருகை இருந்தது.

வருகை என்றால் எங்கள் பள்ளிகளுக்குப் பிசாசு பிடித்துவிடும். சுவருக்குச் சாயம், செடிக்குப் புதுத் தொட்டி, பிள்ளைகளுக்கு நடனம். தலைமையாசிரியர் வகுப்புக்கு வந்து, அவள் மேசையிலிருந்து அட்டையைப் பிய்த்துக்கொண்டு போனார். முன்கூடத்தில் திருக்குறள் ஒப்புவிக்கும் போட்டிக் கிண்ணங்கள் இருக்கும் கண்ணாடி அலமாரியில், சிவப்பு வெல்வெட் துணி விரித்து, அதன்மேல் அட்டையை வைத்தார். ‘எங்கள் பள்ளியின் புத்தாக்கம்’ என்று தங்க எழுத்தில் ஒரு பலகை. பூட்டினார். சாவி அவர் பையில். அழுக்கு அட்டையைத் துடைத்துத்தான் வைத்தாராம்.

இதெல்லாம் பிறகு வகுப்பாசிரியை சொல்லித்தான் எனக்குத் தெரியும். அந்த வாரம் நான் செர்டாங் பக்கம் இருந்தேன். அவர் தலைமையாசிரியரிடம் போய்க் கேட்டிருக்கிறார். “ஒரு வாரந்தானே டீச்சர், வேற ஒன்னு செஞ்சுக் குடுங்க லா,” என்று பதில் வந்திருக்கிறது. அவரும் செய்தார். சிறுமி அதைத் தொட்டுப் பார்த்துவிட்டுக் கீழே போட்டாள். கடித்த மூலை இல்லை, அது அவளுடையது இல்லை. பிறகு தினமும் ஓய்வு நேரத்தில் அலமாரி முன்னால் போய், கண்ணாடியில் நெற்றியை முட்டிக்கொண்டு நின்றாள். தலைமையாசிரியர் அதைப் பார்த்துப் பெற்றோர் சங்கத்துக்காரர்களிடம், “பாருங்க, புள்ளைக்கே எவ்ளோ பெருமை!” என்றாராம். இதை எழுதும்போதுகூட எனக்குப் பல் நறநறக்கிறது.

வருகை நாளன்று என்னையும் அழைத்திருந்தார்கள். திட்டம் போட்டவள் அல்லவா, நானும் ஒரு காட்சிப்பொருள். முன்கூடத்துக்குள் நுழைந்தேன். அலமாரியைப் பார்த்தேன். வெல்வெட்டில் மஞ்சள் அட்டை. அதற்குப் பக்கத்திலேயே, பட்டுப் பாவாடை சட்டையில், தலை நிறையப் பூவோடு அவளை நிறுத்தி வைத்திருந்தார்கள். ‘இவள்தான் அந்தப் பிள்ளை’ என்று காட்டுவதற்கு. சாவியைக் கேட்கத் தலைமையாசிரியரை நோக்கி நான் இரண்டு எட்டு வைப்பதற்குள், வாசலில் கார் வந்து நின்றது, உறுமி மேளம் தொடங்கிவிட்டது.

உறுமி மேளத்தைக் கூரைக்கடியில் நின்று கேட்டவர்களுக்குத் தெரியும். நமக்கே நெஞ்சு அதிரும். அவள் காதைப் பொத்தினாள். மணிக்கட்டைக் கடித்தாள். நான் கூட்டத்தை இடித்துக்கொண்டு போனேன். மாலைத் தட்டோடு நின்ற ஒருவர் என்னை முறைத்தார். அவள் ஓடவில்லை. அதை எல்லாரும் நன்றாகக் கவனிக்க வேண்டும். வாசல் திறந்துதான் கிடந்தது, அவள் ஓடவில்லை. வரவேற்பு மேசையிலிருந்த பன்னீர்ச் செம்பை எடுத்தாள். கண்ணாடியில் ஓங்கி அடித்தாள். உடைந்த ஓட்டைக்குள் கையை விட்டு அட்டையை எடுத்தாள். விரல்களில் ரத்தம் ஒழுக, மாலை போடக் கைகளை உயர்த்திக்கொண்டிருந்த தலைமையாசிரியரிடம் நடந்து போய், அட்டையை நீட்டினாள்.

அவ்வளவு தெளிவாக ஒரு பிள்ளை கேட்டு நான் பார்த்ததில்லை. பேச்சு வந்த பெரியவர்கள் எத்தனை பேர் அவ்வளவு தெளிவாகக் கேட்கிறோம்? அவர் அட்டையைப் பிடுங்கிச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, “புடிங்க அவள!” என்று கத்தினார். இரண்டு ஆண் ஆசிரியர்கள் ஆளுக்கொரு கையாகப் பிடித்தார்கள். அதற்குப் பிறகுதான் அவள் அலறினாள், உதைத்தாள். எல்லாருக்கும் ஞாபகம் இருப்பது அந்த அலறலும் உதையும் மட்டும்தான்.

மறுவாரம் தலைமையாசிரியர் அறையில் கூட்டம். மேசைமேல் மாற்றல் படிவம், கூலிம் பள்ளிக்கு. அம்மா கையெழுத்துப் போட வேண்டும். சிறுமி விரல்களில் கட்டோடு அம்மா பக்கத்தில் உட்கார்ந்திருந்தாள். வகுப்பாசிரியை சுவரோரம் நின்றார்.

“எனக்கும் மனசு கஷ்டந்தான் மேடம். ஆனா மத்த புள்ளைங்க இருக்காங்க. நாளைக்கு யார் மண்டையவாவது ஒடச்சா யாரு பதில் சொல்றது? உங்க திட்டம் நல்ல திட்டந்தான். இந்தப் புள்ளைக்குத்தான் ஒத்து வரல.”

“அந்த அட்டை எங்கே?” என்று கேட்டேன்.

இழுப்பறையைத் திறந்து மேசைமேல் வைத்தார். கடித்த மூலையில் ரத்தம் காய்ந்து கறுத்திருந்தது.

எனக்குக் கோபம் வந்தால் குரல் பெரிதாகிவிடும். அன்று கூரை பிய்ந்திருக்கும். “ஒத்து வரலையா? உங்க பள்ளிக்கூடத்துலயே திட்டத்த ஒழுங்கா செஞ்சது அவ ஒருத்திதான்! கையில ரத்தம் வழியுறப்பவும் கொண்டாந்து உங்க கையிலதான குடுத்தா? வாங்கின நீங்க என்ன செஞ்சீங்க? ஊமையோட நாக்க அறுத்து அலமாரியில வச்சிட்டு, அவ எட்டிப் பிடிச்சதுக்கு ரௌடின்னு பேரு வைக்கிறீங்களா?” இன்னும் என்னென்னவோ சொன்னேன். அவரும் எழுந்து கத்தினார்.

நடுவில் ஒரு சின்னக் கை மேசைமேல் நீண்டது. அட்டையை எடுத்தது. என்னிடம் நீட்டியது.

அறையில் அதிகச் சத்தம் போட்டவள் நான்தான். வாங்கியவர் ஒரு வார்த்தை பேசக் கூடாது. சட்டம் போட்டதும் நான்தான். பாதி வாக்கியத்தை அப்படியே விழுங்கிவிட்டு எழுந்தேன், அவளைக் கூட்டிக்கொண்டு ரம்புத்தான் மரத்தடிக்குப் போனேன்.

அறையின் சன்னல் அந்தப் பக்கம்தான் திறந்திருந்தது. கடையில் பாக்கி கேட்கும்போதுகூட அதிர்ந்து பேசாத அந்த அம்மாவின் குரல் கேட்டது.

“அஞ்சு நிமிஷம் வெளிய உக்காந்துட்டு வரேன்னு கேட்டா சார். அதுக்கா ஒரேயடியா வெளிய போன்னு எழுதி வச்சிருக்கீங்க?”

பதில் கேட்கிறதா என்று காதைத் தீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். நாற்காலி நகரும் சத்தம். பிறகு அந்த அம்மாவே, “இதுல நான் கையெழுத்துப் போட மாட்டேன். நீங்க போடுறதா இருந்தா, என்னா காரணம்னு எழுதிட்டுப் போடுங்க.” மறுபடி நாற்காலி.

ஐந்து நிமிடம் ஆனது. அவளே எழுந்தாள். கட்டுப் போட்ட கையை என் முன்னால் நீட்டினாள். அட்டை இன்னும் என் கையில்தான் இருந்தது. கொடுத்தேன். சீருடைப் பைக்குள் வைத்துக்கொண்டு, அலுவலகப் பக்கம் திரும்பாமல், உடைந்த கண்ணாடிக்குப் பதில் அட்டைப்பெட்டிக் காகிதம் ஒட்டிய அலமாரியைக் கடந்து, நேராக இரண்டாம் வகுப்புக்குப் போய்த் தன் இடத்தில் உட்கார்ந்தாள்.

தடுக்க யாரும் வரவில்லை. வந்திருந்தால் அன்று அந்தப் பள்ளியில் இன்னொரு கண்ணாடி உடைந்திருக்கும், உடைத்தவள் நானாக இருந்திருப்பேன்.