சாமுராய் அறையில் காவல்

லண்டனில் ஒரு மியூசியத்தில் செக்யூரிட்டி வேலை செய்தேன். எனக்குக் கிடைத்தது ஜப்பான் அறை. கண்ணாடிப் பெட்டிக்குள் சாமுராய்களின் கவசம், வாள்கள், கொம்பு வைத்த தலைக்கவசம். பள்ளிக்கூடத்தைப் பாதியில் விட்டவன் நான். யாராவது கேள்வி கேட்டால் பதில் தெரியாமல் முழுசவேண்டி வருமே என்ற பயத்தில், அங்கே எழுதியிருந்ததை எல்லாம் போனில் மொழிபெயர்த்துப் படித்தேன்.

சாமுராய் என்றால் எந்நேரமும் வெட்டுக்கொத்து என்றுதான் நினைத்திருந்தேன். நாடு அமைதியான பிறகு, தலைமுறை தலைமுறையாகச் சண்டையே காணாதவர்களும் இருந்திருக்கிறார்கள். மண்ணை ஆளும் பிரபுவின் வாசலில் காவல் நிற்பது, கணக்கெழுதுவது, அவர் பயணம் போனால் பின்னால் நடப்பது. சம்பளம் அரிசிக் கணக்கில். இன்னொருவர் வீட்டில் போய் இருந்தால் வாளை வலப்பக்கம் வைப்பார்களாம். அங்கிருந்து சட்டென்று உருவ ஏலாது. உன்னை நம்பி வந்திருக்கிறேன் என்று அர்த்தம்.

எனக்குப் பிரபு எங்கள் சூப்பர்வைசர் அண்ணை. லண்டனில் செவன் கிங்ஸ் பக்கம் எனக்கு அடுத்த தெருவில் இருக்கிறார். வேலை எடுத்துத் தந்ததே அவர்தான். "என்ன சாமுராய், அரிசி பொங்கியாச்சோ?" என்று பகிடி விடுவார்.

ஷிப்ட் முடிந்து ரெயில் ஏறினதும் எனக்குப் பதகளிப்புத் தொடங்கிவிடும். அறையின் பின்கதவைப் பூட்டினேனா? உடனே அண்ணைக்குப் போன் எடுப்பேன்.

"பூட்டித்தான் கிடக்கு. நான் பாத்தனான். நீ வீட்ட போய்ப் படு."

ஒருநாளும் சினந்ததில்லை. ஒருநாளும் கதவு திறந்து கிடந்ததும் இல்லை.

இந்த வருஷம் ஆட்குறைப்பு வந்தது. சூப்பர்வைசர் வேலையே இல்லை என்றாகிவிட்டது. உள்ளே இருந்த ஒரே இடம் என்னுடைய அறை. அண்ணை அல்லது நான். மனேஜர் என்னைக் கூப்பிட்டார். பூட்டின கதவைப் பற்றித் தினமும் போன் எடுத்துக் கேட்கிற ஆளை உள்ளே வைத்திருக்க ஏலாது என்றார். அந்தப் போன்கள் அண்ணையைத் தவிர வேறு ஒருவருக்கும் தெரியாது.

ஜப்பான் அறை அண்ணைக்குப் போனது. என்னைப் பின்பக்கம், லொறி வரும் கேற்றடிக்கு மாற்றினார்கள். பிரபு மண்ணை இழந்தால் சாமுராய்க்கு அரிசி நின்றுவிடும். ஊர் ஊராய் அலைவான். அப்படிப்பட்டவனுக்கு ரோனின் என்று பெயர். மண்ணைக் காப்பாற்றப் பிரபுவே ஆளைத் தள்ளிவிட்டால் அவனுக்கு என்ன பெயர் என்று நான் தேடிப் பார்க்கவில்லை.

அங்கே நான் நின்ற முதல்நாள் பின்னேரம் அண்ணை கேற்றைக் கடந்து போனார். கொஞ்சம் தயங்கி நின்றார்.

"எனக்கும் பிள்ளையள் இருக்கு. என்ர இடத்தில நீ எண்டாலும் இதைத்தான் செய்திருப்பாய், என்ன?"

"ஓம் அண்ணை."

அண்ணை கேட்டதும் ஓம் சொல்லிப் பழகின வாய். சொன்ன பிறகுதான் எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. அவர் அதற்குள் தெருமுனை திரும்பிவிட்டார்.