விஜயதசமியன்று கூவாத கம்ப்யூட்டர்

"இதுக்கு நெத்தி எங்கடி கீது?" என்று அம்மா சந்தனக் கிண்ணத்தோடு நின்று கேட்டாள். சரஸ்வதி பூஜை நாள். உத்திரமேரூர் கடைத்தெருவில், பாயின் மளிகைக் கடைக்கு மேல்மாடியில் அக்கா தொடங்கவிருந்த கம்ப்யூட்டர் சென்டரில் நாங்கள் மூன்று பேரும் இருந்தோம். அக்கா சிரித்துக்கொண்டே கம்ப்யூட்டர் பெட்டியின் சுவிட்சுக்குக் கொஞ்சம் மேலே விரலை வைத்துக் காட்டினாள். அம்மா அங்கே சந்தனம் இட்டு, நடுவில் குங்குமம் வைத்தாள். புது மாப்பிள்ளை மாதிரி இருக்கிறது என்று நான் சொன்னேன். அதைச் சொல்லியிருக்கவே வேண்டாம். எங்கள் வீட்டில் அப்போது மாப்பிள்ளை என்ற பேச்சை எடுத்தாலே அக்காவுக்கு முகம் சுருங்கிவிடும்.

வாலாஜாபாத்தில் ஒரு ரைஸ்மில் குடும்பத்திலிருந்து அக்காவைப் பெண் கேட்டுக்கொண்டே இருந்தார்கள். நைனாவுக்கு இரண்டு போகம் நெல்லைத் தவிர வேறு உலகம் கிடையாது. மகளுக்கு நல்ல இடம் வலிய வரும்போது தள்ளிப்போட அவருக்குப் பயம். அக்கா அவரிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டாள். விஜயதசமியன்று பிள்ளைகள் வந்து சேர்ந்தால் கல்யாணப் பேச்சை நிறுத்திவைக்க வேண்டும், சேராவிட்டால் அவர் சொன்ன இடத்தில் கழுத்தை நீட்டுகிறேன் என்றாள். நைனாவும் சரி என்றார். இருந்ததோ ஒரே ஒரு மெஷின். சென்னையில் ஏதோ ஓர் ஆபீஸ் கழித்துப் போட்டது. உள்ளே இருந்த பாட்டரி கசிந்து, மதர்போர்டு பச்சையாகப் பூத்துப்போய்ச் செத்துக் கிடந்தது. போர்டை மட்டும் கழற்றித் துண்டில் சுற்றி, நைனாதான் பஸ்ஸில் சென்னை மெக்கானிக்கிடம் கொண்டுபோனார். ஓடுகிறதா என்று மெக்கானிக்கின் மேஜையிலேயே கண்ணால் பார்த்துவிட்டு, பூஜையன்று காலையில் திரும்பக் கொண்டுவந்தார்.

அக்கா அதைப் பெட்டிக்குள் வைத்துத் திருகாணிகளை முடுக்கினாள். ஒருமுறை போட்டுப் பார்த்துவிடலாம் என்று சுவிட்சுக்குக் கை நீட்டியபோது அம்மா தடுத்துவிட்டாள். "பூஜைக்கு வெச்சத இன்னிக்குத் தொடுவாங்களாடி? புத்தகத்தையே தொட மாட்டோம். நாளைக்கு நல்ல நேரத்துல போடு, தன்னால ஓடும்." அம்மாமேல் குற்றமில்லை. ஊரில் எந்த வீட்டிலும் அன்று அரிவாள், ஏர், தையல் மெஷின் எதையும் தொட மாட்டார்கள். அக்காவும் கையை எடுத்துக்கொண்டாள்.

மறுநாள் காலையில் பெற்றவர்கள் பிள்ளைகளைக் குளிப்பாட்டிப் புதுத்துணி உடுத்தி அழைத்து வந்துவிட்டார்கள். பாய் தன் இரண்டு பெண்களோடு முதல் ஆளாக உட்கார்ந்திருந்தார். அக்கா கற்பூரம் காட்டிவிட்டு சுவிட்சைப் போட்டாள். ஃபேன் சுற்றியது. சரியாக இருந்தால் அந்த மெஷின் 'பீப்' என்று ஒருமுறை கூவும். அது கூவவில்லை. திரை கருப்பாகவே இருந்தது. அக்கா மூடியைத் திறந்தாள். மெமரியைக் கழற்றி, பள்ளிக்கூட ரப்பரால் அதன் பல்லைத் தேய்த்து மாட்டினாள். கரண்டு வரும் இரண்டு சொருகிகளையும் பிடுங்கி, கருப்பு ஒயர்கள் பக்கத்தில் பக்கத்தில் வருகிறதா என்று பார்த்துத் திரும்பச் சொருகினாள். எல்லாம் சரியாகத்தான் இருந்தது. எதைச் செய்தாலும் ஃபேன் மட்டும் சுற்றியது. நான் எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடி மெக்கானிக்குக்குப் போன் போட்டேன். பண்டிகைக்கு ஊருக்குப் போயிருக்கிறார் என்று பக்கத்துக் கடைக்காரர் சொன்னார். அந்தப் படிக்கட்டில் திரும்ப ஏறி வந்து அக்காவிடம் அதைச் சொன்னேன்.

யாரும் திட்டவில்லை, கேலி செய்யவும் இல்லை. அதுதான் கொடுமை. நல்ல நாளில் பிள்ளைக்குப் படிப்பு தொடங்கவேண்டும் அல்லவா? நல்ல நேரம் முடிவதற்குள் வேறு எங்காவது சேர்த்துவிட ஒவ்வொருவராக எழுந்து, "வர்றோம்மா" என்று பணிவாகச் சொல்லிக்கொண்டு போனார்கள். பாய்தான் கடைசிவரை இருந்தார். "இன்னாம்மா, ஒரே பேஜாரா பூடுச்சே. நீ டென்சன் ஆவாத" என்றார். பிறகு கடையில் ஆள் கூப்பிட்டதும் அவரும் பெண்களைக் கூட்டிக்கொண்டு இறங்கிப் போனார். அக்கா தரையில் உட்கார்ந்து அந்தப் போர்டையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அந்த வாரமே வாலாஜாபாத்துக்காரர்களோடு தட்டு மாற்றி நிச்சயம் செய்துவிட்டார்கள். அதற்கடுத்த வாரம் மெக்கானிக் நேரிலேயே வந்தார். போர்டைப் பெட்டியிலிருந்து வெளியே எடுத்து, ஒரு பலகைமேல் வைத்து சுவிட்சைப் போட்டார். 'பீப்'! "இங்க ஒரு அட்டை வாஷர் வுட்டுப்போச்சும்மா. திருகாணி நேரா போர்டுல முட்டிக்கினு கீது. அதான் ஷார்ட் ஆயி நின்னுட்டுகீது" என்றார். சட்டைப் பொத்தான் அளவுக்கு ஓர் அட்டை வளையம். எல்லாம் விதி என்று யாராவது சொன்னால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வரும். அட்டை வளையத்துக்கா விதி என்று பெயர்? நைனாதான் குழந்தைபோலக் கைகொட்டினார். "பாத்தியாம்மா, நல்லாத்தான கீது!" அக்கா அவரையே பார்த்தாள். அவர் கை அப்படியே நின்றுவிட்டது. "வாக்கு குடுத்துட்டனேம்மா" என்றார்.

அக்காவைக் கட்டிய மாமா நல்ல மனிதர்தான், ஒரு குறையும் சொல்ல முடியாது. போன மாதம் வாலாஜாபாத் போயிருந்தேன். பத்தாவது படிக்கும் அக்கா மகள், ஓடாத கம்ப்யூட்டரோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தாள். காபி கொண்டுவந்த அக்கா தம்ளரை நீட்டியபடியே, "மெமரிய ஒரு தபா கழட்டி..." என்று ஆரம்பித்தாள். "ஐயோ அம்மா, நீ சும்மா இரேன். உனக்கு இன்னா தெரியும் இதப்பத்தி? நீயே சொல்லு சித்தி!" என்றாள் மகள். நான் வாயைத் திறந்தேன். அக்கா வேண்டாம் என்று கண்ணாலேயே சொன்னாள்.

"ஆமாண்டி, எனக்கு இன்னா தெரியும்" என்று சொல்லிவிட்டு அடுப்படிக்குள் போனாள்.