அப்பா அணைத்த சூடம்

எங்கள் அப்பா சத்தியம் தவறாதவர். தேவாலாவுக்கு மேலே, தேயிலைத் தொழிலாளர் வீடுகள் வரிசையாக இருந்த எங்கள் எஸ்டேட் லயத்தில் இதை யாரும் மறுக்க மாட்டார்கள். அந்தச் சத்தியத்தைக் காப்பாற்றியதில்தான் எங்கள் வீடு உருக்குலைந்தது.

தாத்தா காலத்தில் சிலோனிலிருந்து வந்த குடும்பங்கள் நாங்கள். குடிக்க, குளிக்க, துவைக்க எல்லாவற்றுக்கும் லயத்துக்குப் பின்னால் ஓடிய ஓடைதான். நான் நாலாம் வகுப்புப் படித்தபோது எஸ்டேட் கைமாறி, பாதி நாள் வேலை இல்லாமல் போயிற்று. ஆண்கள் வெள்ளைக்காரன் விட்டுப்போன தங்கச் சுரங்கங்களுக்குள் நுழைய ஆரம்பித்தார்கள். கல்லை மூட்டையில் சுமந்துவந்து, இடித்துப் பொடியாக்கி, ஓடையில் அலசி, பாதரசம் விட்டுப் பிசைவார்கள். இருக்கிற தங்கமெல்லாம் பாதரசத்தோடு ஒட்டி உருண்டையாகும். அந்த உருண்டையை நெருப்பில் காட்டினால் பாதரசம் புகையாகப் போய், மிளகளவு தங்கம் நிற்கும். மிளகு என்பதுகூட அதிகம், கடுகு என்றே வைத்துக்கொள்ளலாம்.

அந்த வருஷ மழை ஓய்ந்ததும் ஓடையில் நண்டுகள் மல்லாந்து கிடந்தன. துரத்தாமலே கிடைக்கிறதே என்று எங்களுக்குக் கொண்டாட்டம். அம்மா வந்து நாங்கள் நண்டு பொறுக்கிப் போட்ட போசிப் பாத்திரத்தைப் பிடுங்கிக் கொட்டினாள். நண்டைக் கொன்ற தண்ணீர் நம் பிள்ளைகளை விட்டுவைக்குமா, கீழே கேரளத்தில் இதையே குடிக்கிறவர்களை விட்டுவைக்குமா என்று வீடுவீடாகப் போய்க் கேட்டாள். மறுநாளிலிருந்து கொழுந்து பறிக்கும் பெண்கள் முறை போட்டுக்கொண்டு ஓடையில் காவல் உட்கார்ந்தார்கள். மூட்டையோடு வந்தவன் சொந்த மாமனாக இருந்தாலும் வந்த வழியே திரும்ப வேண்டியதுதான்.

அதற்கும் சிலர் அடங்கவில்லை. பெண்கள் சேர்ந்து ஆண்கள் எல்லோரையும் மாரியம்மன் கோயிலில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஓடையில் கல் அலசுவதில்லை என்று சொல்லி, ஒவ்வொருவராக எரியும் சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்தார்கள். முதலில் அணைத்தவர் அப்பா. காவல்காரியின் புருஷன் ஆயிற்றே.

சத்தியம் ஓடைக்குத்தான். வயிற்றுக்கு யாரும் சூடம் கொளுத்தவில்லை. ரேஷன் அரிசிக் கஞ்சியும் தண்ணீராகிக்கொண்டே வந்த ஒரு காலையில், அப்பா மறுபடியும் சுரங்கத்துக்குக் கிளம்பினார். அம்மா வாசலை மறித்தாள். பெரிய சண்டை வரும் என்று எதிர்பார்த்தேன். அம்மா மெதுவாகத்தான் பேசினாள்.

“ஓடைப் பக்கம் கொண்டு போகாதீங்க. வீட்டுக்குள்ளயே அலசிக்குவோம். சுடுறத நான் பாத்துக்கிறேன்.”

அப்படியே நடந்தது. அலசிய தண்ணீர் ஓடைக்குப் போய்விடக் கூடாதென்று எதிர்ச்சரிவில் அம்மாவே குழி வெட்டினாள். அப்பா பகலெல்லாம் சுரங்கத்தில் கிடக்க, அம்மா உருண்டையை இரும்புக் கரண்டியில் வைத்து அடுப்பில் காட்டுவாள். புகையைப் பார்த்தால், தன்னோடு காவல் இருக்கும் பெண்கள் என்ன நினைப்பார்கள்? கதவையும் ஜன்னலையும் இறுக்கச் சாத்திக்கொள்வாள். அதற்கு முன்னால் என்னையும் தம்பியையும் வெளியே தள்ளிவிடுவாள்.

“நான் கூப்புடாம யாரும் உள்ள வரக் கூடாது. மழ பேஞ்சாலும் சரி.”

தேவாலா மழை லேசில் விடுகிற மழையா? லயத்துக் கோடித் தாழ்வாரத்தில் நனைந்த கோழிகளோடு நாங்களும் நிற்போம். கதகதப்பான அடுப்பைத் தனக்கு மட்டும் வைத்துக்கொண்டு எங்களை விரட்டுகிறாளே என்று எனக்கு அம்மா மேல் ஆத்திரமாக வரும்.

அடுத்த வருஷம் அம்மாவின் கைகள் நடுங்கத் தொடங்கின. கொழுந்தோடு முற்றலும் சேர்ந்து வருகிறதென்று மேஸ்திரி ஏசினார். தேத்தண்ணி டம்ளரைத் தூக்கினால் பாதி சேலையில். குளிர் வாதம் என்று லயத்தில் சொன்னார்கள், நாங்களும் தைலம் வாங்கித் தேய்த்தோம். அடுப்பில் போன அந்தப் புகைதான் கைக்கு வந்திருக்கிறது என்று ஒரு டாக்டர் சொன்னபோது நான் கல்லூரியில் இருந்தேன். அதற்குள் அம்மாவால் ஜாக்கெட் கொக்கிகூட மாட்ட முடியாமல் போயிருந்தது. எனக்கு இன்றுவரை கோபம் தீரவில்லை. அது அப்பா மேலா, எஸ்டேட் மேலா, அம்மா மேலேயேவா என்றுதான் பிரித்துப் பார்க்க முடியவில்லை.

கை நடுங்கத் தொடங்கிய அந்த வருஷம்தான் அதிகாரிகள் வந்து ஓடைத் தண்ணீரைப் பாட்டிலில் பிடித்துப்போனார்கள். தண்ணீர் சுத்தமாக இருக்கிறது என்று பதில் வந்ததும் கோயில் முன்னால் கூட்டம் போட்டார்கள். அம்மாவை முன்வரிசையில் உட்கார வைத்து, இவளால்தான் நம் ஓடை பிழைத்தது என்று ஒரு பெரியம்மா சொல்ல, லயமே கை தட்டியது. அப்பா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு தட்டினார். அம்மா மட்டும் தட்டவில்லை. கைகள் இரண்டையும் முந்தானைக்குள் இறுகச் சுற்றி மடியில் வைத்திருந்தாள். இத்தனை பேர் பாராட்டினால் அம்மாவுக்குக் கூச்சமாக இருக்காதா என்று நினைத்து, அவளுக்கும் சேர்த்து நானே தட்டினேன்.