பெட்டிக்காரர் வீட்டு வண்டி

முதலில் குனிவார். வணக்கம் அதன் பிறகுதான். தெருவில் எந்த வண்டி நின்றாலும் அதன் முன்சக்கரத்துக்குப் பின்னால், உள்பக்கமாக ஒரு பார்வை போகும். தரையில் எண்ணெய்ச் சொட்டு இருந்தால் சுட்டுவிரலால் தொட்டு, மூக்கருகே கொண்டுபோய், நாடி பிடித்த வைத்தியர்போலக் கொஞ்ச நேரம் நிற்பார். "இஞ்சின் ஆயில் இல்ல. பெட்டிதான்" என்று தீர்ப்பு வரும். வண்டிக்குச் சொந்தக்காரர் ஒருவர் பக்கத்தில் நிற்கிறார் என்பது அதற்கு அப்புறமே அவருக்குத் தெரியும். கல்யாண மண்டப வாசலில் இப்படி மண்டியிட்டவரைப் பார்த்து, மோதிரத்தைத் தொலைத்துவிட்டார் என்று நாலு பேர் கூடவே தேடியதுண்டு. அவர் அதைத் தடுக்கவில்லை.

பெட்டி என்றால் ஸ்டியரிங் பெட்டி. டிரைவர் கையில் சுழலும் வளையத்துக்கும் தரையில் உருளும் சக்கரத்துக்கும் நடுவே உட்கார்ந்திருக்கும் இரும்புக் கூடு. உள்ளே பற்களும் எண்ணெயும். வண்டியில் வேறு எது கெட்டாலும் அவருக்குச் சம்பந்தமில்லை. பிரேக்கைப் பற்றிக் கேட்டால், பல் வைத்தியரிடம் குதிகால் வலியைச் சொன்னதுபோல முகம் கோணும். சொந்தப் பெயர் எப்போதோ உதிர்ந்து, பெட்டிக்காரர் என்பதே நிலைத்துவிட்டது. பார்சல் கொண்டுவருகிறவர்கூட அப்படித்தான் கூப்பிடுகிறார்.

அவருடைய பட்டறைக்கு மேல்மாடியில் நான் குடியிருக்கிறேன். அதனால் பார்க்க விரும்பியதையும் விரும்பாததையும் பார்த்திருக்கிறேன். வேலைக்கு வெள்ளைச் சட்டைதான், இஸ்திரி மடிப்போடு. "அழுக்காகிறவனுக்கு வேலை தெரியலன்னு அர்த்தம்." வண்டிக்கு அடியில் போய் வெளியே வரும்போது சட்டை வெள்ளையாகவே இருக்கும், முகம்தான் அடையாளம் தெரியாது. அடக்கம் என்ற குணத்தை யாரோ அவருக்குக் கொடுக்க மறந்துவிட்டார்கள். அவரும் கேட்டு வாங்கிக்கொள்ளவில்லை. "நான் கட்டின பெட்டி திரும்பி வந்ததா சரித்திரமே இல்ல" என்பார். வந்திருக்கின்றன. இரண்டொன்றை நானே மாடியிலிருந்து பார்த்தேன். கேட்டதற்கு, "அது ரிப்பேருக்கு வரல. என்னைப் பாத்துட்டுப் போக வந்திருக்கு" என்றார்.

இத்தனைக்கும் அவருக்கு வண்டி ஓட்டத் தெரியாது. ஒருமுறை கற்றுக்கொள்ளப் பார்த்ததாகவும், பட்டறைக் கதவு இன்றுவரை ஒருபக்கம் கோணலாக இருப்பது அந்த முயற்சியின் ஞாபகார்த்தம் என்றும் அவர் மனைவி சொல்கிறார். பெட்டிக்காரர் சொல்லும் காரணம் வேறு. "செருப்புத் தைக்கிறவன் எல்லார் செருப்பையும் போட்டுக்கிட்டா நடக்கிறான்?"

அந்த வீட்டில் வண்டி ஓட்டுவது மனைவி. கண்ணாடி அறுத்துக் கொண்டுபோய்ப் பொருத்தித் தருவது அந்த அம்மாளின் தொழில், ஆகையால் தெருவுக்கு அவர் கண்ணாடியம்மா. அவருடைய பிக்கப், கணவன் மனைவி இருவருக்கும் மூத்தது. உருண்டை மூக்கு, எப்போதோ நீலமாக இருந்திருக்கக்கூடிய உடம்பு, பின்னால் கண்ணாடித் தகடுகளைச் சாய்த்து நிறுத்த ஒரு மரச் சட்டம். ஆள் உயரக் கண்ணாடியைச் சுமந்துகொண்டு அது தெருவில் போகும்போது, அதற்குள் வீடுகளெல்லாம் ஒருமுறை எதிர்ப்பக்கமாக நடந்து போகும்.

வாத்தியார் பிள்ளை மக்கு என்பார்கள். ஊர் வண்டிகளின் பெட்டியையெல்லாம் மோந்து பார்க்கிறவர் வீட்டு வண்டியின் பெட்டிதான் இந்தத் தெருவிலேயே மோசமாக ஒழுகியது. கண்ணாடியம்மா எந்த வீட்டுக்கு வேலைக்குப் போனார் என்பதை வாசலில் இருக்கும் கறுப்பு வட்டத்தைப் பார்த்தே சொல்லிவிடலாம். யார் வண்டிக்கும் குனிகிற மனிதர் அந்தப் பிக்கப்பைக் கடக்கும்போது மட்டும் முதுகை நிமிர்த்தி, வானத்தில் ஏதோ பறவையைத் தேடுவார்.

இதற்கு ஒரு முடிவு போன வாரம் வந்தது. மேட்டுத் தெரு இறங்கி முடியும் இடத்தில் ஒரு துணிக்கடை. அதன் முகப்புக்கு முழு நீளக் கண்ணாடி ஒன்றைக் கொண்டுபோய் வைக்க வேண்டும், மறுநாள் காலை. இறக்கத்தின் நடுவில் ஒரு திருப்பம். திருப்பத்தை ஒட்டிப் பள்ளிக்கூட வாசல். கண்ணாடியம்மா காலைத் தேநீரை வைத்துவிட்டு, குரலை உயர்த்தாமல் சொன்னார்.

"வளையத்தைத் திருப்பினா சக்கரம் யோசிச்சு யோசிச்சுத்தான் கேக்குது. அவ்வளவு பெரிய கண்ணாடியோட, பிள்ளைங்க நடக்கிற நேரத்துல, இந்த வண்டியை நான் அங்க இறக்க மாட்டேன். இன்னிக்கு நீங்க பாருங்க. இல்லன்னா பாலத்துக்கு அந்தப் பக்கம் விட்டுடுறேன்."

பாலத்துக்கு அந்தப் பக்கம் இன்னொரு பட்டறை இருக்கிறது. அங்கே எல்லா வேலையும் செய்வார்கள். எல்லா வேலையும் செய்கிறவர்களைப் பற்றிப் பெட்டிக்காரர் வைத்திருக்கும் கருத்து அச்சிடத் தக்கதல்ல. தம்ளரைக் கீழே வைத்தார். போய்ச் சட்டையை மாட்டிக்கொண்டு வந்தார்.

கண்ணாடியம்மாவின் தம்பி, தையல்காரர், கை கொடுக்க வந்தார். கையைவிட வாயைத்தான் அதிகம் கொடுத்தார். பெட்டியைக் கழற்றி மேசைமேல் வைத்து மூடியைத் திறந்ததும், எண்ணெய் இருக்க வேண்டிய இடத்தில் கெட்டிப்பட்ட மஞ்சள் கிரீஸ் பிதுங்கியது. ஒழுக்கை மறைக்கக் கிரீஸை அடைத்துவிடுவது இந்தத் தொழிலில் மகாபாவம். பற்கள் அதில் சுரங்கம் தோண்டிக்கொண்டு காய்ந்த வயிற்றோடு சுற்றும். இதற்காக வண்டிக்காரர்களை அவர் நிற்க வைத்துத் திட்டியதை நான் மாடியில் இருந்தே மனப்பாடம் செய்திருக்கிறேன்.

"யாரு மாமா இப்படி அடைச்சு வச்சது?" என்றார் தையல்காரர்.

"யாரோ ஒரு மடையன்" என்றார் பெட்டிக்காரர், கண் சிமிட்டாமல்.

"அந்த மடையனுக்கு நான்தான் டீ போட்டுக் குடுத்தேன்" என்றது உள்ளேயிருந்து ஒரு குரல்.

அதற்குப் பிறகு நடந்ததைப் பார்க்க நான் மாடியைவிட்டு இறங்கி வந்துவிட்டேன். முதலில், பெட்டியின் அடியிலிருந்து வெளியே வரும் தண்டில் மாட்டியிருந்த இரும்புக் கையைக் கழற்ற வேண்டியிருந்தது. அது துருவில் இறுகிக் கிடந்தது. தையல்காரர் சுத்தியலைத் தேடினார். பெட்டிக்காரர் அதை வாங்கித் தன் காலடியில் வைத்துக்கொண்டார். இழுத்துக் கழற்றும் புல்லரை மாட்டி ஒரு முறுக்கு முறுக்கிவிட்டு, சும்மா உட்கார்ந்தார். பிறகு இன்னொரு முறுக்கு. மறுபடியும் சும்மா. வாய் ஓயாத மனிதர் வாயை மூடிக்கொண்டிருந்தார் என்பதே பார்க்க ஒரு காட்சி. மூன்று பேரும் வேறு எதையோ பார்த்துக்கொண்டிருந்த நேரத்தில், டக் என்று அதுவே விட்டுக்கொடுத்தது. "அடிச்சா உள்ள இருக்கிற பல்லுக்கு வலிக்கும்" என்று அப்போதுதான் பேசினார்.

தண்டில், எண்ணெய் வெளியே வராமல் தடுக்கும் பழைய ஆயில் சீல் ஆண்டுக்கணக்கில் உரசிய இடத்தில் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. எனக்கு அது தெரியவில்லை. அவர் என் கட்டைவிரல் நகத்தைப் பிடித்து அதன்மேல் ஓட்டினார், நகம் தடுக்கியது. புதுச் சீலை அதே இடத்தில் வைத்தால் அதே பள்ளத்தில் ஒழுகும். ஆகவே ஒரு நூல் அளவு தள்ளி, தேயாத இடத்தில் உட்காரும்படி வைத்தார். தண்டு ஆடாதிருக்கப் புது புஷ். சீலின் உதடு தண்டின் பற்களில் கிழிந்துவிடக் கூடாது என்று, பிஸ்கட் பொட்டலத்தின் வழவழத்த தாளைத் தண்டுக்குச் சுற்றி, அதன்மேல் சீலை வழுக்கி இறக்கி, தாளை உருவிக்கொண்டார். தூங்குகிற பிள்ளையின் அடியிலிருந்து போர்வையை உருவுகிறவர்கள் அப்படிச் செய்வார்கள். புரளும் விரல்கள் தடித்தவை, வெடிப்புகளில் கறுப்பு ஏறியவை. அவை அந்த நேரத்தில் அவருடையவையாகத் தோன்றவில்லை.

மதியம் தாண்டிப் பெட்டி வண்டியில் ஏறியது. எண்ணெய் ஊற்றி, கீழே ஒரு வெள்ளைத்தாளை விரித்தார். பற்களுக்கு இடையே இருந்த ஆட்டத்தைப் பெட்டியின் மேல் திருகை முறுக்கி எடுத்தார். நாங்கள் எல்லாரும் தாளையே பார்த்துக்கொண்டிருந்தோம். தாள் வெள்ளையாகவே இருந்தது. கண்ணாடியம்மா வண்டியை எடுத்துக்கொண்டு தெருவை ஒரு சுற்று சுற்றி வந்தார். "நல்லா இருக்கு. ஆட்டமே இல்ல" என்றார். அவர் கணவரைப் புகழ்ந்து நான் கேட்ட முழு உரை அதுதான்.

வேறொருவராயிருந்தால் கையைக் கழுவிவிட்டுச் சாப்பிட உட்கார்ந்திருப்பார். இவர் கேட்டார்: "திருப்பத்துல வளையத்தை விட்டியா? தானா நேருக்குத் திரும்பிச்சா?"

"நான் எதுக்கு விடணும்? கொஞ்சம் பிடிக்குது. புதுசு மாட்டினா அப்படித்தானே இருக்கும்."

புதுசில் அப்படித்தான் இருக்கும், ஓட ஓடச் சரியாகிவிடும் என்பது உலகத்துப் பட்டறைகளுக்கெல்லாம் கடவுள் அருளிய வாக்கியம். அதை மனைவியே தட்டில் வைத்து நீட்டுகிறார். இந்த மனிதரோ தன் பெட்டிகள் தன்னைப் பார்க்க வந்ததாகச் சொல்கிறவர். அவர் அந்தத் தட்டைத் தொடவில்லை. முன்பக்கத்தை ஜாக்கியில் தூக்கி, சக்கரங்கள் தரையில் படாமல் நிறுத்தச் சொன்னார். எல்லாரையும் பேசாதிருக்கச் சொன்னார், தையல்காரரைத் தனியாக இன்னொரு முறை. டிரைவர் இருக்கையில் ஏறி, கண்ணை மூடி, ஒற்றை விரலால் வளையத்தை இந்தக் கோடிக்கும் அந்தக் கோடிக்கும் தள்ளினார்.

ஓரிடத்தில் விரல் நின்றது. பின்னுக்கு வந்து மறுபடி தள்ளினார். மறுபடி அதே இடத்தில் நின்றது. வளையம் நேராக இருக்கும் இடம் அல்ல அது; கொஞ்சம் இடப்பக்கம். கண்ணைத் திறந்து வளையத்தின் குறுக்குக் கம்பியைப் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். இறங்கி வந்து வண்டிப் படியில் உட்கார்ந்தார்.

"தப்பு என்னுது" என்றார்.

அந்த வார்த்தையை அவர் வாயில் யாரும் கேட்டதில்லை என்பதால் உடனே புரியவில்லை. விளக்கம் மெல்ல வந்தது. பெட்டிக்குள் பற்கள் சரியாக நடுவில் மட்டும் கொஞ்சம் நெருக்கமாகச் சேரும்படி செய்திருக்கிறார்கள். நேராகப் போகும்போது வண்டி அலையாமலிருக்க. ஆட்டத்தை அந்த நடுவில் வைத்துத்தான் எடுக்க வேண்டும். நடுவை விட்டு வேறு இடத்தில் எடுத்தால், பற்கள் நடுவுக்கு வரும்போது சிக்கும். வளையத்தின் கம்பி நேராக இருப்பதைப் பார்த்து நடு என்று நம்பக் கூடாது. கோடிக்குக் கோடி சுற்றி எண்ணி, பாதியைப் பிடிக்க வேண்டும். வேறு யார் வண்டியாக இருந்தாலும் எண்ணியிருப்பார். இது சொந்த வண்டி. எப்போதோ ஹார்ன் வேலைக்காக வளையத்தைக் கழற்றியவர் இவர்; இரண்டு பல் தள்ளி மாட்டியவர் இவர்; கம்பி கோணலாகத் தெரிந்ததும், சக்கரத்துக்குப் போகும் ராடை நீட்டி அதை நேராகக் காட்டியவரும் இவர். அதை மறந்து, தன் கைவேலை என்பதாலேயே நம்பிவிட்டார்.

"அதான் ஒழுகலையே மாமா. இன்னும் என்ன?" என்றார் தையல்காரர்.

"ஒழுகினா தரைதான் கெடும். திருப்பத்துல சிக்கினா..." என்று ஆரம்பித்து மனைவியைப் பார்த்தார். 

கண்ணாடியம்மாவிடம் இந்த நாளுக்காகச் சேர்த்து வைத்த வசவுகள் நிறைய இருந்திருக்கும்.  அவரோ தானே இருக்கையில் ஏறி, வளையத்தின் நடுமூடியைத் திருகிக் கழற்றத் தொடங்கினார். "பெரிய ஸ்பேனரை எடுத்துக் குடுடா" என்றார் தம்பியிடம், அவ்வளவுதான்.

அந்தச் சாயங்காலம் முழுவதும் மறுபடி. ராடைப் பிரித்தார்கள். பெட்டிக்காரர் வளையத்தைக் கோடிக்குக் கோடி திருப்பி, சுற்றுகளை ஒன்றாம் வகுப்புப் பிள்ளைபோல உரக்க எண்ணினார். பாதியில் நிறுத்திச் சாக்பீஸால் கோடு போட்டார். வளையத்தை எடுத்து நேராக மாட்டி, ராடைப் பழைய நீளத்துக்குக் கொண்டுவந்தார். மேல் திருகை முதலில் முழுக்கத் தளர்த்திவிட்டு மீண்டும் ஆரம்பித்தார். அவர் முறுக்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. மணிக்கட்டில் ஒரு நரம்பு அசைவதை வைத்துத்தான் தெரிந்துகொண்டேன். ஒவ்வொரு அசைவுக்கும் ஒருமுறை வளையத்தை விரலால் தள்ளினார். கடைசியில் விரல் எங்கும் நிற்கவில்லை. நடுவில் மட்டும் ஒரு கணம் மரியாதை செய்துவிட்டுப் போனது. கண்ணாடியம்மா மறுபடி தெருவைச் சுற்றி வந்தார். இந்த முறை புகழுரை இல்லை. "விட்டுப் பாத்தேன். தானா வந்துச்சு" என்றார். அந்த இரண்டு வாக்கியத்தையும் பெட்டிக்காரர் தலை குனிந்து வாங்கிக்கொண்டார்.

மறுநாள் காலை கண்ணாடி ஏறியது. தம்பி பின்னால் அதைப் பிடித்துக்கொண்டு உட்கார, பிக்கப் மேட்டுத் தெருவில் இறங்கத் தொடங்கியது. திருப்பத்தில் பள்ளிப் பிள்ளைகள் சாரிசாரியாகப் போய்க்கொண்டிருந்தார்கள். பெட்டிக்காரர் மேட்டின் உச்சியில் நின்றார். நானும் கூட நின்றேன். கைகள் இரண்டும் மார்புக்கு முன்னால் எழுந்து காற்றில் எதையோ பற்றியிருந்தன. வண்டி மெல்லத் திரும்பியபோது அவையும் திரும்பின, ஒன்று மேலே, ஒன்று கீழே. பள்ளி வாசலுக்கு நேராக வந்ததும் விரல்களை ஒவ்வொன்றாகத் திறந்தார். கீழே வண்டி தன் மூக்கை நிமிர்த்திக்கொண்டு, முழுத் தெருவையும் தன் கண்ணாடியில் ஏந்தியபடி நேரானது. அவர் கைகளை இறக்கவில்லை. திறந்த உள்ளங்கைகளைக் காற்றில் அப்படியே வைத்துக்கொண்டு நின்றார்.